ஒரு தொட்டியில் நான்கு பனை

லார்ட் ஹோவ் தீவு,
செப்டம்பர் முதல் வாரம்.

அன்புத் தம்பி டென்சிலுக்கு,

அக்கா வெர்னா எழுதுவது. நான் நலம். நீயும் நலம் என்று நானே நினைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நீ அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. காற்று அதிகம் என்று விமானம் தீவுக்கு மேலே வட்டமடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. ஒருவழியாக இறங்கியபோது தபால் பையில் உன் கடிதம். இவ்வளவு தடிமனாக நீ எழுதி நான் பார்த்ததே இல்லை. என்னவோ ஏதோ என்று அங்கேயே உறையைக் கிழித்தேன். பிரித்துப் பார்த்தால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு பனைச் செடியைப் பற்றி.

நான் புரிந்துகொண்டது சரிதானா, பார். சிட்னியில் நீ பராமரிப்பு வேலை பார்க்கும் மாரிக்வில் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசல் கூடத்தில் பல வருடமாக ஒரு கென்டியா பனை நின்றிருக்கிறது. கவனிக்க ஆளில்லாமல் மட்டை மட்டையாகக் காய்ந்துகொண்டே வந்திருக்கிறது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் திருமதி ஸ்டாவ்ரூலா, அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக்கில் ஒன்று வாங்கி வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். உனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. இந்தப் பனைக்கெல்லாம் பூர்வீகம் எங்கள் தீவு, நான் இதில் ஏறி விதை பறித்தவன், என்னிடம் விடுங்கள் என்று மார்தட்டியிருக்கிறாய். அந்த அம்மாவும் சரி, பிப்ரவரிக் கூட்டம் வரை பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்.

அதுவரைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு நீ செய்ததைத்தான் என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறாய். உள்ளே ஒன்றல்ல, நான்கு பனை. "ஒரே குழியில நாலு பேரைப் போட்டு நெரிச்சு வச்சிருக்கானுங்க அக்கா, பாக்கவே பாவமா இருந்துச்சு" என்று எழுதியிருக்கிறாய். பாவம் பார்த்து ரம்பக் கத்தியால் வேரை அறுத்து நான்கையும் பிரித்து, ஆளுக்கொரு பெரிய தொட்டியில் வைத்து, காற்றும் வெயிலும் வாங்கட்டும் என்று பின்முற்றத்தில் நிறுத்தி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியிருக்கிறாய். இப்போது நான்கும் கருகித் தொங்குகின்றன.

டென்சில், சிட்னிக்காரன் எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டான். அவனுக்கு அது மொத்தமாக ஒரு செடி, அவ்வளவுதான். நம் மலைச்சரிவில் ஒவ்வொரு பனையும் தனித்தனியாக, காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு நிற்கிறது. அதையே பார்த்து வளர்ந்த கண்ணுக்கு ஒரு தொட்டியில் நான்கு என்பது அநியாயமாகத்தான் தெரியும். ஆனால் அது வீட்டுப் பனைக்கென்றே உள்ள வழக்கம். ஒற்றைக் கென்டியா வீட்டுக்குள் நோஞ்சானாகத் தெரியும் என்று எங்கள் நர்சரியில் நாற்று வாங்குகிறவர்கள் சின்னதிலேயே நாலைந்தைச் சேர்த்து வைத்துவிடுவார்கள். அவையும் வேரோடு வேர் பின்னிக்கொண்டு, ஒன்றின் நிழலில் ஒன்றாக வளர்ந்துவிடும். நீ குடும்பத்தைப் பிரித்துவிட்டாய்.

இத்தனை வருடம் நர்சரியில் உட்கார்ந்து விதை பிரிக்கிற எங்களை நீயும் உன்னோடு மரமேறுகிற ரெக்ஸும் தரைக்கோழி தரைக்கோழி என்று கூப்பிட்டீர்களே. மேலே ஏறிக் குலையை அறுத்துப் போட்டதோடு உங்கள் வேலை முடிந்தது. அந்த விதை கீழே வந்து என்ன பாடுபடுகிறது என்று ஒரு நாளாவது எட்டிப் பார்த்திருந்தால் இந்த வம்பு வந்திருக்காது. சரி, தரைக்கோழி சொல்வதை இப்போது கேள்.

முதலில் நான்கையும் கட்டடத்துக்குள் தூக்கி வை. பல வருடம் இருட்டுக் கூடத்தில் இருந்த ஓலை, திடீரென்று வெயிலில் வைத்தால் வெந்துதான் போகும். சன்னல் வெளிச்சம் வர வேண்டும், வெயில் மேலே படக் கூடாது. மறுபடியும் தொட்டி மாற்றுகிறேன், மண்ணைக் கிளறுகிறேன் என்று கிளம்பாதே. அறுபட்ட வேருக்கு ஓய்வைவிட நல்ல மருந்து கிடையாது. நான்கு தொட்டியையும் தோளோடு தோள் உரசுகிற மாதிரி நெருக்கி வை. விரலை மண்ணுக்குள் முழுசாக விட்டுப் பார், ஈரம் தட்டுப்பட்டால் தண்ணீர்க் குவளையைத் தொடாதே. உரம் வேண்டவே வேண்டாம். பாதி பச்சையாக இருக்கும் மட்டையை அசிங்கமாக இருக்கிறதென்று வெட்டாதே, அதுதான் இப்போது சோறு போடுகிறது. கடைசியாக, நடுக்குருத்தை இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்துப் பார். உறுதியாக நின்றால் உயிர் இருக்கிறது. கையோடு வந்துவிட்டால் அதற்கு இனி ஒன்றும் செய்ய முடியாது.

கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒன்று எழுதியிருக்கிறாயே, அதற்கு வருகிறேன். பனை போய்விட்டால் அங்கே முகத்தைக் காட்ட முடியாது, வேலையை விட்டுவிடுவேன் என்கிறாய். வேலை போனால் வேலையோடு கொடுத்த அறையும் போகும். அப்புறம் நீ வந்து சேர இந்தத் தீவை விட்டால் வேறு இடமில்லை. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? செத்துத் தொலையட்டுமே அந்தப் பனை என்று ஒரு நொடி நினைத்தேன். மரத்திலிருந்து விழுந்த அன்று உன்னை விமானத்தில் ஏற்றும்போது, இடுப்பு சரியானதும் வந்துவிடுகிறேன் என்றாய். ஆறு வருடம் ஆகிறது. சிகிச்சை முடிந்து, நடந்து, வேலைக்கும் போய்விட்டாய். இங்கே மட்டும் வரவில்லை. தீவிலேயே வேகமாக ஏறுகிறவன் தரையில் நொண்டிக்கொண்டு போவதை ஊர் பார்க்கக் கூடாது. எனக்குத் தெரியாதா உன்னை?

ஆனாலும் அங்கேயும் தோற்று, வேறு வழியில்லாமல் நீ இங்கே வந்து இறங்குவதை நான் பார்க்க விரும்பவில்லை. அப்படி வந்தால் வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாய். அதனால்தான் தெரிந்ததை எல்லாம் ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன். உன் வீட்டைப் போன வாரம் திறந்து காற்றாட விட்டேன். கடற்பறவைகள் வந்துவிட்டன, கூடு வைக்க உன் முற்றத்தைத்தான் முதலில் தோண்டுகின்றன. குருத்து என்ன சொன்னது என்று உடனே எழுது.

உன் கால் எப்படி இருக்கிறது என்றும் எழுதினால் சந்தோஷப்படும்,
உன் அக்கா,
வெர்னா.


லார்ட் ஹோவ் தீவு,
அக்டோபர் பாதியில்.

அன்புள்ள டென்சிலுக்கு,

அக்காவின் ஆசிகள். உன் கடிதம் கிடைத்தது. காலைப் பற்றி இந்தத் தடவையும் ஒன்றுமில்லை, பரவாயில்லை.

ஒரு குருத்து கையோடு வந்துவிட்டது என்று படித்ததும் எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அடியில் கொழகொழவென்று அழுகல் நாற்றம் அடித்தது என்றாயே, அது தண்ணீரால் வந்தது. அதை வைத்துக்கொண்டு மறுகாதே. மற்ற மூன்றும் உறுதியாக நிற்கின்றன என்றால் அந்த மூன்றைப் பார். போனது இருந்த தொட்டியையும் தள்ளி வைத்துவிடு, மற்றவற்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாம். நீ அதைக் குப்பைத் தொட்டியில் போட மனமில்லாமல் கட்டடத்துக்குப் பின்னால் வேலி ஓரமாகப் புதைத்தேன் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் சிரித்தேன், அப்புறம் சிரிப்பு வரவில்லை.

திருமதி ஸ்டாவ்ரூலா மாடிப்படியில் நின்றபடி, "உங்க ஊரு மரத்தை உங்களாலயே காப்பாத்த முடியலன்னா அப்புறம் எதுக்கு சார் அந்தப் பெருமை" என்று கேட்டாராமே. கேட்டால் கேட்டுவிட்டுப் போகிறார். அவர் கேட்டது நியாயம்தான். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது மூன்று பனை, நீ இல்லை. நீ வாயைத் திறந்து இன்னும் ஏதாவது பந்தயம் கட்டிவிடாதே.

வேரைத் தோண்டிப் பார்க்கட்டுமா என்று நாலு இடத்தில் கேட்டிருக்கிறாய். கூடாது. கூடாது என்றால் கூடாது. புண்ணில் கட்டுப் போட்டுவிட்டு ஆறிவிட்டதா என்று தினமும் பிரித்துப் பார்ப்பவனை என்ன சொல்வாய்? உனக்கு எப்போதும் எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும். மரத்தில் ஏறினால் அரை நாளில் குலை தரையில் கிடக்கும், கண்ணால் பார்க்கலாம். இந்த வேலை அப்படி இல்லை. பாதி வேலை கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான். அதுதான் கஷ்டம். நாங்கள் அதைத்தான் செய்கிறோம், நீங்கள் அதைத்தான் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்றீர்கள்.

நீ ஊற்றாமலே மண் ஈரமாக இருக்கிறது என்று எழுதியதைப் படித்துக் கொஞ்சம் யோசித்தேன். வாசல் கூடத்தில்தானே வைத்திருக்கிறாய்? போகிறவர் வருகிறவர் ஊற்றுகிறார்கள். செடி வாடியிருப்பதைப் பார்த்தால் மனுஷனுக்குச் சும்மா போக முடியாது. குடித்து மிச்சம் வைத்த தேநீரைக்கூட ஊற்றுவார்கள். ஒரு நாள் ஓரமாக நின்று பார்.

இங்கே ஒரு விஷயம் நடந்துவிட்டது, கோபப்படாதே. யாரிடமும் சொல்லாதே என்று நீ அடிக்கோடிட்டு எழுதியிருந்தாய். நான் தபால் நிலையத்தில் வைத்தே கடிதத்தைப் படித்தேன். என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார்கள், சொல்லிவிட்டேன். இந்தத் தீவில் ஒருவரிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி என்பது உனக்கே தெரியும். இப்போது கடையில், படகுத்துறையில், ஞாயிற்றுக்கிழமை மீன் வறுக்கிற இடத்தில் எல்லாம் உன் பனையைப் பற்றித்தான் பேச்சு. ஒருத்தர் கடற்பாசியை ஊறவைத்து ஊற்றச் சொல்கிறார். இன்னொருத்தர் மீன் கழுவிய தண்ணீர் என்கிறார். அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் மீன் கழுவிய தண்ணீரை ஊற்றினால் திருமதி ஸ்டாவ்ரூலா உன்னையும் தூக்கி வெளியே வைத்துவிடுவார். யார் சொல்வதையும் கேட்காதே.

மீன் வறுக்கிற இடத்தில் ரெக்ஸ் கிங்ஃபிஷ் மீன் துண்டைத் தின்றபடி கேட்டுக்கொண்டிருந்தான். அப்புறம், "அவன் பனைக்கு மேலயே குடியிருந்தவன், அதுக்கு வேருன்னு ஒண்ணு இருக்கறதே அவனுக்கு இப்பத்தான் தெரியும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கலைந்து போகும்போது என் மிதிவண்டியைப் பிடித்துக்கொண்டு தனியாக, "அவன் எப்பவாச்சும் வர்றதா எழுதறானா" என்று கேட்டான். இல்லை என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

விதையைத் தின்றுகொண்டிருந்த எலியை எல்லாம் ஒழித்த பிறகு காட்டுக்குள் பனங்கன்று கால் வைக்க இடமில்லாமல் முளைத்திருக்கிறது. நீ போகும்போது இப்படி இல்லை.

பொறுமையாக இரு. உடம்பைப் பார்த்துக்கொள். சாப்பாட்டை டப்பாவிலிருந்து நேராகச் சாப்பிடாதே, தட்டில் போட்டுச் சாப்பிடு.

அன்புடன்,
வெர்னா அக்கா.


லார்ட் ஹோவ் தீவு,
கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம்.

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை இந்த முறை வீட்டுக்குக் கொண்டுவந்து கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். படித்து முடித்ததும் கதவைத் திறந்துகொண்டு நானே போய் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். வேறு என்ன செய்வது?

குருத்து வந்துவிட்டது. இதைவிட எனக்கு என்ன கிறிஸ்துமஸ் வேண்டும்? நீ எழுதியிருந்ததை அப்படியே மனப்பாடம் செய்துவிட்டேன். மூன்றில் நடுவில் இருப்பதில் பழைய மட்டைக்கு உள்ளிருந்து ஈர்க்குச்சி மாதிரி ஒரு நுனி, மஞ்சளும் பச்சையும் இல்லாத ஒரு நிறம் என்று எழுதியிருந்தாய். பக்கத்தில் ஒரு குச்சி நட்டுப் பென்சிலால் கோடு போட்டு வைத்தாய், மறுநாள் வளரவில்லை, அதற்கடுத்த நாளும் வளரவில்லை, தோண்டிப் பார்க்கக் கை பரபரத்தது, கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு மாடிக்குப் போய்ப் படிக்கட்டைத் துடைத்தேன் என்றாய். வாரக் கடைசியில் பார்த்தால் கோட்டைத் தாண்டியிருந்ததாம். அந்த இடத்தில் உன் எழுத்துக் கோணலாகிவிட்டது. எனக்கும் கண் மறைத்துவிட்டது.

ஓரமாக நின்று பார்த்ததில் முதல் மாடிக்காரர் பல் விளக்கிய குவளையைக்கூடக் கவிழ்த்துவிட்டுப் போனார் என்பதைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன். அறிவிப்புப் பலகை வைக்காமல் ஒவ்வொருவரிடமும் நேரில் போய்ச் சொன்னாயே, அது நல்ல காரியம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நீ அந்தக் கட்டடத்தில் யாரோடும் நின்று பேசியதில்லை என்று எனக்குத் தெரியும். திருமதி ஸ்டாவ்ரூலா இப்போது காப்பிக் கோப்பையோடு வந்து அங்கேயே நாற்காலி போட்டு உட்காருகிறாராமே. காப்பியை மட்டும் அவரே குடித்து முடிக்கிறாரா என்று பார்த்துக்கொள்.

இப்போது இங்கத்திச் செய்தி. உட்கார்ந்துகொண்டு படி. ரெக்ஸ் மரமேறுவதை விட்டுவிட்டான்.

விழவில்லை, பயப்படாதே. முழங்கால் இரண்டும் போய்விட்டன. போன மாதம் வடக்குச் சரிவில் தளைநாரைக் காலில் மாட்டிக்கொண்டு பாதி மரம் ஏறினவன், அங்கேயே கட்டிப்பிடித்தபடி வெகுநேரம் நின்றிருக்கிறான். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. ஏணி கொண்டுபோய் இறக்கினார்கள். மறுநாள் காலையில் நர்சரி வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றான். எங்கள் மேலாளர் க்ளெனிஸிடம், தரையில் ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டான். ஒருத்தரும் சிரிக்கவில்லை, டென்சில். நான்கூடக் கேலி செய்யவில்லை. எதிர் பெஞ்சைத் துடைத்துக் கொடுத்தேன், உட்கார்ந்தான்.

ஆனால் அவனுக்கு இது வராது. முளைத்த விதையை எடுத்துத் தொட்டியில் வைக்கச் சொன்னால் குலையை அறுக்கிற வேகத்தில் பிடுங்குகிறான். முளை ஒடிகிறது. க்ளெனிஸ் பார்த்துப் பார்த்துப் பொறுத்துக்கொண்டு, "ரெக்ஸு, ஒன் கையப் பாத்தாலே விதை முளைக்கப் பயப்படுது, நீ போயி வண்டி ஓட்டுய்யா" என்று அனுப்பிவிட்டார். இப்போது மூட்டைகளைக் கப்பலுக்குக் கொண்டுபோகிறான், சந்தோஷமாகத்தான் இருக்கிறான். விதையை முளைக்க வைக்கிற முளைக்கூடத்துக்குத்தான் ஆள் இல்லை. இப்போது அதைப் பார்க்கிற மாவிஸ் மார்ச்சோடு வேலையிலிருந்து நிற்கப்போகிறாள்.

உன்னைக் கேட்காமல் ஒன்று செய்தேன். உன் கடிதத்தில் அந்தக் குருத்தைப் பற்றிய பக்கத்தை மதியம் சாப்பிடும்போது க்ளெனிஸிடம் படித்துக் காட்டினேன். அவர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, மறுபடியும் படி என்றார். படித்தேன். "இத எழுதுனவன் மரம் ஏறுறவன் இல்ல வெர்னா, வளக்குறவன். கையப் பாக்கெட்டுக்குள்ள விடத் தெரியுதே, அது போதும். கேட்டுப் பாரு" என்றார். கேட்டுவிட்டேன். இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. முளைக்கூட வேலை உட்கார்ந்து செய்கிற வேலை என்பதை மட்டும் எழுதிவைக்கிறேன்.

அது வேண்டாம் என்று நீ நினைத்தால் அதற்காகக் கடிதம் எழுதாமல் இருந்துவிடாதே. வேண்டாம் என்றே எழுது.

கிறிஸ்துமஸ் அன்று கடற்கரையில்தான் எல்லோரும் சாப்பிடுகிறோம். திருமதி ஸ்டாவ்ரூலா உன்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார் என்று எழுதியிருந்தாய், போ. வெறுங்கையோடு போகாதே, ஏதாவது வாங்கிக்கொண்டு போ. நல்ல சட்டையைப் போட்டுக்கொள்.

உனக்கு எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும்.

அன்புடன்,
வெர்னா.


லார்ட் ஹோவ் தீவு,
மார்ச் ஆரம்பம்.

அன்புத் தம்பி டென்சிலுக்கு,

கூட்டத்தில் ஒருவர்கூடப் பிளாஸ்டிக் செடிக்குக் கை தூக்கவில்லை என்பதையும், திருமதி ஸ்டாவ்ரூலாவே எழுந்து, பனை இங்கேதான் நிற்கும், பராமரிப்பாளரும் இங்கேதான் இருப்பார் என்று சொன்னார் என்பதையும் படித்தேன். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. நர்சரியில் சத்தமாகப் படித்தேன். ரெக்ஸ் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கை தட்டினான்.

இரண்டாவது பனையும் குருத்து விட்டிருக்கிறது, மூன்றாவது அப்படியே நிற்கிறது என்று எழுதியிருக்கிறாய். மூன்றாவதைப் பற்றிக் கவலைப்படாதே. சிலது அப்படித்தான், கீழே வேரைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் மேலே தலை காட்டும். பச்சையாக இருக்கும் வரைக்கும் அதைக் கேள்வி கேட்காதே.

நீ அனுப்பிய புகைப்படத்தை அடுப்பங்கரைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். ஆறு வருடத்துக்கப்புறம் உன் முகத்தைப் பார்க்கிறேன். காதோரம் நரைத்துவிட்டது, தொப்பை கொஞ்சம் போட்டிருக்கிறாய், நன்றாக இருக்கிறாய். மூன்று பனைக்கும் நடுவில் ராணுவ வீரன் மாதிரி விறைப்பாக நிற்கிறாய். முதலில் பனையைத்தான் பார்த்தேன். அப்புறம் உன்னைப் பார்த்தேன். மறுநாள் காலையில் தேநீர் குடித்துக்கொண்டு பார்த்தபோதுதான், உன் பின்னால் இடதுபக்கத் தொட்டியின் மட்டைகளுக்குள் சுவரில் சாய்த்து வைத்திருந்த கைத்தடியைப் பார்த்தேன். ஓலை மறைத்துவிடும் என்று நினைத்துவிட்டாய். ஓலை இன்னும் அவ்வளவு அடர்த்தியாக வரவில்லையே, தம்பி.

இதைத்தானா இத்தனை கடிதத்திலும் எழுதாமல் இருந்தாய்? ஒரு தடிக்காகவா ஆறு வருடம்? எனக்குக் கோபம் வந்தது, படத்தைத் திருப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து மறுபடி நேராக்கி வைத்தேன். ரெக்ஸிடம் இதைச் சொல்லவில்லை. நம்பு, இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

க்ளெனிஸ் கேட்டதற்கு நீ ஆம் என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. அதற்குப் பதிலாக, ஒரு மாதம் சும்மா வந்து பார்த்துவிட்டுப் போகலாமா என்று யோசிக்கிறேன், வந்தால் மூன்று பனையில் ஒன்றைக் கொண்டுவந்து வடக்குச் சரிவில் நட முடியுமா, விசாரித்துச் சொல் என்று கேட்டிருக்கிறாய். இதைப் படித்ததும் கையிலிருந்த வேலையை அப்படியே போட்டேன். மிதிவண்டியை எடுத்துக்கொண்டு நேராக விமானத் திடலுக்குப் போனேன். தீவுக்குள் வருகிற பொருளைச் சோதிக்கிற அதிகாரி அங்கேதான் இருந்தார். ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டு வந்தேன்.

பனையைக் கொண்டுவர முடியாது. நம் மலையில் முளைத்த விதையாகவே இருந்தாலும் சரி, ஒரு முறை வெளியே போய்த் தொட்டி மண்ணில் நின்றுவிட்டால் திரும்பி வர அனுமதி இல்லை. எந்த நோயை ஒட்டிக்கொண்டு வருமோ என்று பயம். அதில் நியாயம் இருக்கிறது, நான் அவரோடு சண்டை போடவில்லை. அதனால் பனை அங்கேதான் இருக்க வேண்டும். அதற்காக நீயும் அங்கேயே இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கென்டியாவை ஒரு மாதம் யாரும் தொடாமல் விட்டால் அது நன்றாகத்தான் இருக்கும். திருமதி ஸ்டாவ்ரூலாவிடம் விரலை மண்ணில் விட்டுப் பார்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு வா. ஒரு மாதம் இரண்டு மாதமானாலும் அது பொறுத்துக்கொள்ளும். நான் அப்படி இல்லை, டென்சில். எனக்கு ஐம்பத்தெட்டு ஆகிறது, நீ இல்லாமல் எனக்கு நன்றாக இல்லை. இதைப் போன கடிதங்களிலேயே எழுதியிருக்கலாம்.

முளைக்கூடத்தை இங்கே வந்து ஒரு தடவை பார். பிடித்தால் இரு. பிடிக்காவிட்டால் திரும்பிப் போ, நான் அழுதாலும் காட்டிக்கொள்ளமாட்டேன். ரெக்ஸ் வண்டியில் உன்னை எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போவான். உன் வீட்டில் குளியலறைக்குப் போகிற இரண்டு படியிலும் தச்சர் கைப்பிடி அடித்துவிட்டார். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

கிளம்பும்போது கவனிக்க வேண்டியதை அதிகாரி சொன்னபடி எழுதுகிறேன். பழம், விதை, செடி எதுவும் பையில் இருக்கக் கூடாது. மண் ஒரு பொட்டுகூட வரக் கூடாது. செருப்பின் அடியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கைத்தடி வைத்திருந்தால் அதன் அடி ரப்பரையும் கழற்றிக் கழுவிவிட வேண்டும் என்றார். கைத்தடி கொண்டுவரலாமா என்று மறுபடியும் கேட்டேன். தாராளமாகக் கொண்டுவரட்டும், அதற்கு எந்தத் தடையும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

நல்லபடியாக வந்து சேர்.

உன் அக்கா,
வெர்னா.